அணைத்தபின்னும் விழித்திருக்கும் கருவி

நுழையும்முன்

நிலக்கொடை பற்றிய செப்பேடுகளில், கொடையாகத் தரப்பட்ட நிலத்தின் நான்கு எல்லைகளையும் மரம், குளம், புற்று, வாய்க்கால் என அடையாளம் காட்டி எழுதுவது நம் முன்னோர் வழக்கம். 'எங்கே' என்பதைச் சொல்லாத ஆவணம் பாதி ஆவணமே என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். இன்று எண்ணிமப் புகைப்படக் கருவிகள் சில, தாம் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அந்த 'எங்கே'யைத் தாமே எழுதிவைக்கின்றன. அதற்காக அவை செலவிடும் மின்னாற்றல் எவ்வளவு, அச்செலவை நம் கட்டுக்குள் வைப்பது எவ்வாறு என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

மலையடிவாரத்தில் ஒரு காலை

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடை விடுமுறையில் நானும் வரலாற்றாசிரியரான நண்பர் ஒருவரும் செங்கம் பகுதிச் சிற்றூர்களில் நடுகற்களைப் படமெடுக்கச் சென்றிருந்தோம். நடுகற்களுக்குப் பெயர்பெற்ற வட்டாரம் அது. எங்கள் கையில் இருந்தது, இருப்பிடத்தைப் பதிவுசெய்யும் வசதி உள்ளமைந்த சிறிய கேமரா. நடுகல்லை ஆராய்வோருக்கு அது நிற்கும் இடம், அதில் பொறித்த எழுத்துக்கு இணையான சான்றாகும். ஆகவே, அவ்வசதியை இயக்கிவிட்டே புறப்பட்டோம்.

முதல்நாள் முழுதும் அலைந்து படமெடுத்தோம். மாலை ஆறு மணிக்குப் பார்த்தபோது, மின்கலத்தில் மூன்றில் ஒரு பங்கு எஞ்சியிருப்பதாகத் திரை காட்டியது. மறுநாள் காலையில் எடுக்கவேண்டிய படங்களுக்கு அது போதும் என்று கணக்கிட்டோம். நாங்கள் தங்கிய ஓட்டுவீட்டில் அன்றிரவு மின்சாரம் இல்லை. கருவியை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டு உறங்கினோம்.

மறுநாள் காலை ஏழு மணியளவில் ஊர்ப் பெரியவர் ஒருவர், வயல் வரப்போரம் புதருக்குள் சாய்ந்து கிடந்த கல்லொன்றைக் காட்டினார். வாளும் கேடயமும் ஏந்திய வீரனின் உருவம். அதன் மேற்புறம் தேய்ந்த வட்டெழுத்தில் சில வரிகள். கருவியை இயக்கினேன். திரை ஒருமுறை ஒளிர்ந்தது, மின்கலத்தை மாற்றும்படி குறிகாட்டியது, அணைந்தது. மாற்று மின்கலம் எங்களிடம் இல்லை. அந்நாளில் என்னிடம் இருந்த கைப்பேசியில் படமெடுக்கும் வசதியும் கிடையாது. நண்பர் தம் குறிப்பேட்டில் அவ்வுருவத்தை வரைந்துகொண்டார். எழுத்துகளைப் பார்த்தெழுத முயன்றோம், பாதிதான் தேறியது.

மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் சென்றோம். வரப்பு இருந்த இடத்தைப் பொக்லைன் கொண்டு சமன்செய்திருந்தார்கள். கல்லைக் காணவில்லை. கேட்டபோது ஆளுக்கொரு திசையைக் காட்டினர்.

அணைத்துவைத்த கருவியின் மின்னாற்றலை இரவோடிரவாகச் செலவிட்டது எது? விடை, அக்கருவியோடு தந்த கையேட்டிலேயே ஒரு வரியாக இருந்தது. படிக்காதவன் நான்தான்.

வானிலிருந்து வரும் நேரம்

இருப்பிடம் காட்டும் வசதியைப் பொதுவாக 'ஜி.பி.எஸ்.' என்கிறோம். புவி நிலைகாண் அமைப்பு எனத் தமிழில் வழங்கலாம். அமெரிக்கா தன் படைத்துறைக்கென உருவாக்கிய இவ்வமைப்பின் முதல் செயற்கைக்கோள் 1978ஆம் ஆண்டு ஏவப்பட்டது. 1983ஆம் ஆண்டு, வழிதவறிச் சோவியத் வான்வெளிக்குள் நுழைந்த தென்கொரியப் பயணிகள் வானூர்தி சுட்டு வீழ்த்தப்பட்டபின், பொதுமக்களும் இதைப் பயன்படுத்தலாம் என அந்நாடு அறிவித்தது. அமைப்பு 1995இல் முழுமை பெற்றது. எனினும், பொதுமக்களுக்கான குறிப்பலையில் வேண்டுமென்றே ஒரு பிழை கலக்கப்பட்டிருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அப்பிழை நீக்கப்பட்ட பின்னரே வண்டிகளிலும் கைப்பேசிகளிலும் கேமராக்களிலும் இவ்வசதி பரவலாயிற்று.

புவியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருபத்து நான்குக்கும் மேற்பட்ட செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் அணுக்கடிகாரத்தைச் சுமந்துகொண்டு, 'நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது இந்த நேரம்' என்று இடைவிடாமல் அறிவித்துக்கொண்டிருக்கிறது. நம் கையிலுள்ள கருவி செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை. பலர் இதைத் தவறாக எண்ணுகின்றனர். கருவி கேட்க மட்டுமே செய்கிறது. கேட்கும் உறுப்புக்கு ஏற்பி என்று பெயர்.

செயற்கைக்கோள் சொன்ன நேரத்துக்கும் அச்சொல் வந்துசேர்ந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். ஒரு நொடியைப் பத்து இலட்சம் கூறாக்கி, அதில் ஒரு கூறு பிழைத்தாலும் தொலைவில் 300 மீட்டர் பிழைக்கும். கேமராவுக்குள் இருக்கும் மலிவான கடிகாரம் அத்துணைத் துல்லியமானது அன்று. ஆகவே அகலம், நீளம், உயரம் என்னும் மூன்றோடு, தன் கடிகாரத்தின் பிழையையும் நான்காவதாகக் கண்டறியவேண்டியுள்ளது. அதனால்தான் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குரல் கேட்கவேண்டும் என்கின்றனர். கண்டறிந்த அட்சக்கோட்டையும் தீர்க்கக்கோட்டையும் கேமரா, படக்கோப்புக்குள் 'எக்சிஃப்' என்னும் பகுதியில் எழுதிவைக்கிறது. படமெடுத்த நாள், நேரம், வில்லையின் அளவு முதலியவை எழுதப்படுவதும் அங்கேதான்.

கேட்பதற்கு ஏன் இத்தனை செலவு?

கேட்பதற்கு மட்டும் மின்னாற்றல் மிகுதியாகத் தேவைப்படுவானேன் என்னும் ஐயம் இயல்பாக எழும். வானொலிப் பெட்டி கேட்கத்தானே செய்கிறது? அது சிறு மின்கலத்தில் பல நாள் பாடுகிறதே!

வேறுபாடு குறிப்பலையின் வலிமையில் இருக்கிறது. செயற்கைக்கோள், வீட்டு மின்விளக்கு ஒன்றின் அளவான ஆற்றலில்தான் ஒலிபரப்புகிறது. அவ்விளக்கை இருபதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துவிட்டு, அதன் ஒளியை இங்கிருந்து படிப்பதாக எண்ணிப் பாருங்கள். தரையை அடையும்போது அதன் வலிமை, ஒரு வாட்டைக் கோடியால் வகுத்து, வந்ததை மீண்டும் கோடியால் வகுத்து, அதையும் நூறால் வகுத்த அளவே எஞ்சுகிறது. சுற்றுப்புற மின்காந்த இரைச்சலைவிடவும் மெல்லிய குரல் அது. திருவிழாக் கூட்டத்தின் பேரிரைச்சலுக்கிடையே தாய் தன் குழந்தையின் அழுகுரலை மட்டும் பிரித்தறிகிறாள் அல்லவா? அவள் அக்குரலின் சாயலை முன்பே அறிந்திருக்கிறாள். ஏற்பியும் அவ்வாறே, ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் உரிய குறியீட்டு வரிசையைத் தன்னுள் வைத்துக்கொண்டு, வரும் இரைச்சலோடு அதை மீண்டும் மீண்டும் பொருத்திப் பார்க்கிறது. செயற்கைக்கோள்கள் நொடிக்கு ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் வேகத்தில் விரைவதால் அலையின் அதிர்வெண்ணும் சிறிது மாறியே வந்துசேரும். எந்தச் செயற்கைக்கோள், எந்த அதிர்வெண், எந்தக் கணம் என மூன்று வகையிலும் தேடவேண்டும். மின்னாற்றலைத் தின்பது இந்தத் தேடல்தான்.

செய்தி வரும் வேகமோ மிக மெதுவானது. நொடிக்கு 50 பிட் அளவில்தான் அது வருகிறது. ஒரு செயற்கைக்கோள் தன் பாதையைப் பற்றிய துல்லிய விவரத்தைச் சொல்லி முடிக்க 30 நொடிகள் ஆகும். எல்லாச் செயற்கைக்கோள்களையும் பற்றிய பொதுப் பஞ்சாங்கத்தை முழுமையாகச் சொல்ல பன்னிரண்டரை நிமிடங்கள் ஆகும். இடையில் ஒரு மரமோ சுவரோ மறைத்துவிட்டால், தவறவிட்ட பகுதி திரும்ப வரும்வரை காத்திருக்கவேண்டும். நீண்ட நாள் உறங்கிய கருவி முதன்முதலில் விழித்து இருப்பிடம் காண்பதற்குப் பல நிமிடங்கள் எடுத்துக்கொள்வது இதனால்தான். இதனைக் 'குளிர்நிலைத் தொடக்கம்' என்பர். துல்லியப் பாதை விவரம் சில மணிநேரத்துக்குச் செல்லும். அதற்குள் கருவி மீண்டும் விழித்துக்கொண்டால் சில நொடிகளில் இருப்பிடம் கிடைத்துவிடும்.

கேமரா தயாரிப்போர், அணைத்தபின்னும் ஏற்பியை விழித்திருக்கச் செய்ததன் காரணம் இப்போது விளங்கும். அவ்வப்போது விழித்துப் பாதை விவரத்தைப் புதுப்பித்துக்கொண்டால், பயனர் கருவியை எடுத்த உடனே எடுக்கும் முதல் படத்திலும் இருப்பிடம் பதிந்துவிடும். அது பிழையன்று, வசதிக்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் ஓட்டுவீட்டுக்குள் பைக்குள் கிடக்கும் கருவிக்கு வானம் தெரிவதில்லை. வானம் தெரியாத ஏற்பி, கிடைக்காத குரலைத் தேடித் தேடியே மின்கலத்தைக் காலிசெய்கிறது. கிடைத்தபின் ஓய்வெடுக்கும் ஏற்பியைவிட, கிடைக்காமல் தேடும் ஏற்பியே மிகுதியாகச் செலவிடும் என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

ஒரு சிறு கணக்கு

இச்செலவு கேட்பதற்கு அற்பமாகவே தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம். சிறிய கேமராவின் மின்கலம் 3.7 வோல்ட், 1000 மில்லி ஆம்பியர்-மணி எனக் கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் அதில் அடங்கிய ஆற்றல் 3.7 வாட்-மணி. இடைவிடாமல் தேடும் ஏற்பியும் அதனோடு இயங்கும் மின்சுற்றுகளும் சேர்ந்து 0.1 வாட் எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். பத்து மணிநேரத்தில் 1 வாட்-மணி கரைந்துவிடும். ஒரு படமும் எடுக்காமலே கால்பங்குக்கு மேல் போயிற்று.

எங்கள் கருவிக்கு இக்கணக்கைப் பொருத்திப் பாருங்கள். மாலையில் எஞ்சியிருந்தது மூன்றில் ஒரு பங்கு. அதாவது ஏறத்தாழ 1.2 வாட்-மணி. மாலை ஆறு முதல் காலை ஏழு வரை பதின்மூன்று மணிநேரம். தேவைப்பட்டது 1.3 வாட்-மணி. எங்கள் கருவியில், சென்ற வழியைத் தொடர்ச்சியாகக் குறித்துக்கொள்ளும் தடப்பதிவும் இயக்கத்தில் இருந்ததால் ஏற்பிக்கு ஓய்வென்பதே இல்லை.

பெரிய கேமராக்களில் இதே செலவு அவ்வளவாகத் தெரிவதில்லை. 7.2 வோல்ட், 1800 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட மின்கலத்தின் ஆற்றல் ஏறத்தாழ 13 வாட்-மணி. அதில் ஒரு வாட்-மணி குறைந்தால் நூற்றுக்கு எட்டுப் பங்குதான். ஓட்டை ஒன்றே, குடத்தில் வைத்தால் பொறுக்கலாம், செம்பில் வைத்தால் தாங்காது. ஆகவே, சிறிய கேமரா வைத்திருப்போரே இதில் கூடுதல் விழிப்போடு இருக்கவேண்டும்.

தயாரிப்பாளர் கண்ட வழிகள்

2008ஆம் ஆண்டு வெளிவந்த நிகான் கூல்பிக்ஸ் பி6000, ஏற்பியை உள்ளேயே கொண்டிருந்த தொடக்ககாலச் சிறிய கேமராக்களுள் ஒன்று. 2012இல் கேனான் நிறுவனம் தன் இ.ஓ.எஸ். 6டி என்னும் பெரிய கேமராவில் இவ்வசதியைச் சேர்த்தது. இவ்வசதியை இயக்கத்தில் வைத்தால், மின்விசையை அணைத்தபின்னும் குறிப்பிட்ட இடைவெளிகளில் குறிப்பலை பெறப்படும் என்றும், அதனால் மின்கலம் விரைவில் தீரும் என்றும் அதன் கையேடு வெளிப்படையாகவே கூறுகிறது. எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை இருப்பிடத்தைப் புதுப்பிக்கவேண்டும் என்பதையும் ஒரு நொடி முதல் ஐந்து நிமிடம் வரை பயனரே தெரிவுசெய்யலாம்.

2014இல் வந்த 7டி மார்க் 2 கேமராவில் ஒரு நல்ல திருத்தம் செய்யப்பட்டது. இருப்பிட வசதி இரண்டு முறைகளாகப் பிரிக்கப்பட்டது. முதல் முறையில், கேமராவை அணைத்தாலும் ஏற்பி அவ்வப்போது விழிக்கும். இரண்டாம் முறையில், கேமராவை அணைத்தால் ஏற்பியும் சேர்ந்தே அணையும். காட்டில் நாள்முழுதும் நடந்து, நினைத்த கணத்தில் படமெடுப்போருக்கு முதல் முறை உகந்தது. மற்றவர்க்கு இரண்டாவதே போதும். நம் கையில் உள்ளது எந்நிறுவனக் கேமராவானாலும், முதலில் பார்க்கவேண்டியது இவ்விரு முறைகளுள் எதை அது பின்பற்றுகிறது என்பதையே. பல கருவிகளில் சிறு திரையில் ஒரு குறி சிமிட்டிக்கொண்டிருந்தால் அது இன்னும் தேடுகிறது என்று பொருள். குறி நிலைத்து நின்றால் இருப்பிடம் கிடைத்துவிட்டது என்று பொருள். அணைத்த கருவியிலும் குறி மறையாவிட்டால் ஐயப்படலாம்.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவுக்கும் தனக்கென 'நாவிக்' என்னும் நிலைகாண் அமைப்பு உண்டு. இதன் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. உருசியாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியன உலகு தழுவிய பிற அமைப்புகள். 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 செயற்கைக்கோள், சிறு கருவிகள் எளிதில் பெறும் எல்1 அலைவரிசையிலும் குறிப்பலை அனுப்பும் வகையில் அமைக்கப்பட்டது.

நம் கையில் உள்ள வழிகள்

படமெடுக்கச் செல்லுமுன், திறந்த வானத்தின்கீழ் கருவியை இயக்கி, குறி நிலைக்கும்வரை சில நிமிடங்கள் அசையாமல் வைத்திருங்கள். பேருந்துக்குள் இருந்துகொண்டோ, மண்டபத்துக்குள் நுழைந்தபின்னோ இதைத் தொடங்கினால் தேடல் நீளும், மின்னாற்றலும் வீணாகும். தொடக்கத்தில் பொறுமையாகச் செலவிடும் ஐந்து நிமிடம், பின்னர் பல மணிநேரத் தேடலை மிச்சப்படுத்தும். கற்றளிக்குள்ளும் குகைக்குள்ளும் எடுக்கும் படங்களுக்கு இருப்பிட வசதியை அணைத்துவிடுவதே முறை. கருங்கல் கூரையைத் துளைத்துக்கொண்டு அம்மெல்லிய அலை உள்ளே வாராது. வாயிலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும்; உள்ளே எடுத்தவற்றுக்கும் அதே இருப்பிடந்தானே!

நடுகல், கல்வெட்டு, பழைய கிணறு போன்ற அசையாப் பொருள்களை ஆவணப்படுத்துவோர்க்கு நான் பரிந்துரைப்பதும் இதுவே. ஓரிடத்தில் இருபது படம் எடுப்போம். இருபதிலும் இருப்பிடம் எழுதவேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. முதல் படத்தில் இருப்பிடம் பதிந்ததைத் திரையில் சரிபார்த்துவிட்டு வசதியை அணைத்துவிடலாம். வீட்டுக்கு வந்தபின் கணினியில் அம்மதிப்பை மற்றப் படங்களுக்கும் படியெடுக்கும் மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. பறவையைப் பின்தொடர்ந்து செல்வோர் நிலை வேறு. அவர்க்கு ஒவ்வொரு படத்துக்கும் தனி இருப்பிடம் வேண்டும். அவர்களும் புதுப்பிக்கும் இடைவெளியை ஒரு நொடியிலிருந்து முப்பது நொடிக்கோ ஒரு நிமிடத்துக்கோ நீட்டிக்கொள்ளலாம். நடந்து செல்பவர் ஒரு நிமிடத்தில் எழுபது, எண்பது மீட்டருக்குமேல் செல்வதில்லை. பறவை கண்ட இடத்தைக் குறிக்க அத்துல்லியம் பெரும்பாலும் போதும். தடப்பதிவு உண்மையிலேயே தேவையா என்று தம்மைத் தாமே ஒருமுறை கேட்டுக்கொள்வதும் நல்லது. என் அனுபவத்தில், வேண்டுமென்று இயக்கியவர்களைவிட, அணைக்க மறந்தவர்களே மிகுதி.

சில கேமராக்கள், செயற்கைக்கோள்களின் பாதை விவரத்தைக் கணினி வழியாகவோ திறன்பேசி வழியாகவோ முன்கூட்டியே பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுள்ளன. துணைத்தரவு எனப்படும் அதை ஏற்றிக்கொண்டால், நொடிக்கு 50 பிட்டில் வானத்திலிருந்து மெதுவாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் அத்தரவுக்குக் காலவரையறை உண்டு. அது காலாவதியானால் கருவி பழையபடி வானத்தையே நம்பவேண்டியதுதான். புறப்படுவதற்கு முந்திய நாள் அதைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

இரவில் என்ன செய்வது? பட்டியலுக்குள் சென்று இருப்பிட வசதியை அணைப்பது ஒன்று. அணைத்தோமா இல்லையா என்று ஐயமிருந்தால், மின்கலத்தையே கழற்றிவைத்துவிடுவது இன்னொன்று. இதில் வாதத்துக்கு இடமில்லை. கழற்றிய மின்கலத்தை அதற்குரிய மூடியோடு வைக்கவேண்டும். சாவிக்கொத்து, நாணயம் ஆகியவற்றோடு ஒரே பைக்குள் போட்டால் முனைகள் இணைந்து சூடேறும். மலைப்பகுதிகளில் குளிரும் ஒரு பகைதான். லித்தியம் அயனி மின்கலத்துள் நிகழும் வேதிவினை குளிரில் மந்தமாவதால், உள்ள ஆற்றலையும் அது முழுமையாகத் தராது. மாற்று மின்கலத்தைச் சட்டையின் உட்பையில், உடற்சூடு படும்படி வைத்திருப்பது மலையேறுவோர் வழக்கம்.

சுமையைத் தோள்மாற்றுதல்

அண்மைக் காலத்தில் கேமரா தயாரிப்பாளர் பலர் வேறொரு வழியை மேற்கொண்டுள்ளனர். 2018இல் வெளிவந்த கேனான் இ.ஓ.எஸ். ஆர் கேமராவுக்குள் ஏற்பி இல்லை. திறன்பேசி கண்டறிந்த இருப்பிடத்தைக் குறையாற்றல் புளூடூத் வழியாகக் கேமரா கேட்டுப்பெறுகிறது. நிகான் நிறுவனத்தின் ஸ்நாப்பிரிட்ஜ் செயலியும் அவ்வாறு உதவுகிறது. திறன்பேசியின் மின்கலம் பெரிது. கைப்பேசிக் கோபுரங்களின் துணையும் அதற்குண்டு. கேமராவின் செலவு குறைவது உண்மையே. ஆனால் சுமை மறைந்துவிடவில்லை, தோள்தான் மாறியிருக்கிறது. திறன்பேசி தீர்ந்துவிட்டால் படத்தின் இருப்பிடத்தோடு வீட்டாரை அழைக்கும் வழியும் அடைபட்டுவிடும். காட்டுக்குள் செல்வோர் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இருப்பிட வசதியே இல்லாத பழைய கேமரா வைத்திருப்போரும் கவலைப்பட வேண்டியதில்லை. திறன்பேசியிலோ தனியான தடப்பதிவுக் கருவியிலோ வழித்தடத்தைப் பதிந்துகொண்டு, கேமராவில் வழக்கம்போல் படமெடுக்கலாம். பின்னர் கணினி, படமெடுத்த நேரத்தையும் தடத்தில் உள்ள நேரத்தையும் ஒப்பிட்டு, இந்த நேரத்தில் நீ இங்கே இருந்தாய் எனப் படத்துக்குள் எழுதிவிடும். கேமராவின் மின்கலத்துக்குச் செலவே இல்லை.

இம்முறையில் ஒரு கண்ணி உண்டு. நானும் அதில் ஒருமுறை விழுந்தேன். தடப்பதிவில் எழுதப்படுவது உலகப் பொது நேரம். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. கேமராவில் இந்திய நேரத்தை வைத்துவிட்டு, மென்பொருளில் நேர வலயத்தைச் சொல்ல மறந்தால் ஒவ்வொரு படமும் ஐந்தரை மணி பிறழும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்திலிருந்து எடுத்த படமாயின், அது 220 கிலோமீட்டர் தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்ளும். இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்றுண்டு. அன்றைய முதல் படமாகத் திறன்பேசித் திரையில் தெரியும் கடிகாரத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். கேமராக் கடிகாரம் எத்தனை நொடி முந்துகிறது, எத்தனை நொடி பிந்துகிறது என்பதற்கு அப்படமே சான்றாக நிற்கும்.

எழுதாமல் விடவேண்டிய இடங்கள்

மின்னாற்றலை மிச்சப்படுத்த அன்றி, வேறு காரணத்துக்காகவும் இவ்வசதியை அணைக்கவேண்டிய இடங்கள் உண்டு. வீட்டு முற்றத்தில் எடுத்த குழந்தையின் படத்தை, இருப்பிடம் நீக்காமல் முன்பின் அறியாதவர்க்கு அனுப்பினால் வீட்டின் வாயிலையே காட்டிக்கொடுத்ததாகும். அரிய பறவையின் கூடு, காட்டில் பூக்கும் அரிய ஆர்க்கிட், காவலற்ற கோயிலின் பழைய சிற்பம் ஆகியவற்றின் இருப்பிடம் ஆராய்வோர்க்கு எவ்வளவு பயன்படுமோ, திருடுவோர்க்கும் அவ்வளவு பயன்படும். ஆராய்ச்சிக்காக இருப்பிடம் பதிந்த மூலப்படத்தைத் தனியே பாதுகாத்து, பிறர்க்குத் தரும் படியில் மட்டும் அதை நீக்கிவிடுவதே தக்கது. சில சமூக ஊடகங்கள் பதிவேற்றும்போது இத்தகவலைத் தாமே நீக்குகின்றன. கோப்பாகவே அனுப்பும்போது அது நீங்காமல் செல்லும்.

நாங்கள் மறுபடியும் நடுகல் தேடிச் செல்லும்போது மின்கலம் மூன்று கொண்டுசெல்கிறோம். ஒவ்வொன்றின்மேலும் ஒட்டுத்தாளில் எண் எழுதியிருக்கிறது. ஊருக்கு வெளியே திறந்தவெளியில் இறங்கியதும் நண்பர் கருவியை இயக்கி வானத்தைப் பார்க்கவைத்துவிட்டு, ஒரு தேநீர் குடிக்கும் நேரம் காத்திருப்பார். கல்லைக் கண்டதும் முதல் படம், இருப்பிடம் பதிந்ததா எனச் சரிபார்ப்பு, பின்பு அணைப்பு. இரவில் மின்கலம் தனியே, கருவி தனியே.

காணாமற்போன அந்தக் கல்லின் கோட்டோவியம் நண்பரின் குறிப்பேட்டில் இன்னும் இருக்கிறது. வீரனின் வலக்கையும் எழுத்தின் பாதியும் தெளிவாக உள்ளன. படத்தின்கீழே அன்று அவர் எழுதிவைத்த எல்லை இது: 'ஊருக்கு மேற்கே, ஒற்றைப் புளியமரத்திலிருந்து நாற்பது அடி, வரப்பின் தென்புறம்.' புளியமரம் மட்டும் இன்றும் அங்கே நிற்கிறது.